வெள்ளிக்கிழமை உபவாசம், செவ்வாய்க்கிழமை தலைசுற்று

"தலை சுற்றுகிறது" என்று நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னவர்களுக்கு முதலில் கிடைத்தது திட்டுதான். மருந்து பிறகு. சில நாள் மருந்தே கிடையாது.

"தலைசுத்துன்னா என்ன? சுத்துறது நீயா, வீடா?"

பெஞ்சில் இருக்கிற ஆள் விழிப்பார். ஒரு மாதிரியாகக் கிறுகிறுவென்று வருகிறது என்பார்.

"ஒரு மாதிரிக்கு எனக்க கிட்ட மருந்து இல்ல. வீடு கறங்குதா? கண்ணு இருட்டி இப்பம் விழுந்திருவேன்னு வருதா? இல்ல காலு தரையில பதியாம ஆடுதா? மூணும் மூணாக்கும். வெளிய போயி இருந்து ஓர்த்துட்டு வா."

அப்படியே எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார். ஆள் ஆஞ்சிலி மரத்தடியில் உட்கார்ந்து, தன் தலை எப்படிச் சுற்றுகிறது என்று முதல்முறையாக யோசிப்பார். திரும்பி வந்ததும் அடுத்த கேள்விகள். படுக்கும்போதா, எழும்பும்போதா, திரும்பும்போதா? எத்தனை நேரம்? காதில் இரைச்சல் உண்டா? காலையில் என்ன சாப்பிட்டாய்? கடையில் வாங்கி என்ன மருந்து விழுங்குகிறாய்? கடைசியாக, ஆணோ பெண்ணோ, யார் பக்கத்தில் இருந்தாலும் சரி, மலம் என்ன நிறம்? இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள். போகிறவர்களைப் பார்த்து, "தின்னதச் சொல்ல வாயி உண்டு, இதச் சொல்ல இல்லியா?" என்று வாசல்வரை வந்து கேட்பார்.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் செங்கல் என்கிற ஊருக்கும் இடையில். சபைக்குச் சொந்தமான ஓட்டுக் கட்டடம் ஒன்றில் மிஷன் டிஸ்பென்சரி இருந்தது. டாக்டர் மாதத்துக்கு இரண்டு தடவை வந்துபோவார். மற்ற நாளெல்லாம் இந்த நர்ஸம்மாதான். கோட்டயத்துக்கும் வடக்கே ஏதோ ஊர்க்காரர். நாற்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, ஆண்பிள்ளைச் செருப்புப் போட்டு நடப்பார். வந்த ஆறே மாதத்தில் எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டார். வசவு மட்டும் கடைசிவரை மலையாளத்தில்தான்.

நான் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு கல்சுவர். அவர் போடுகிற சத்தத்தில் என் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மறந்துபோகும். இதை எழுதுகிறபோது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. வயதானால் கோபம் ஆறிவிடும் என்று பலர் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற விடவும் போவதில்லை.

எங்கள் ஊர் தலைசுற்றுக்கு மூன்றே காரணம் வைத்திருந்தது. பித்தம், கண்ணேறு, வெயில். நாரங்காய் பிழிந்த வெள்ளம், சுக்குக் காப்பி, குளித்த பிறகு உச்சியில் ராசனாதிப் பொடி என்று வைத்தியமும் கைவசம் இருந்தது. அதையெல்லாம் நர்ஸம்மா ஒரேயடியாக வேண்டாம் என்று சொன்னதில்லை. வெயிலில் நின்று வேலை செய்து தளர்ந்தவனுக்கு உப்புப் போட்ட கஞ்சி வெள்ளம் நல்லது என்று அவரே குடிக்கச் சொல்வார்.

"ஒரு நாளு வந்துது, போச்சுன்னா உனக்க சுக்குக் காப்பி மதி, அது போதும். விடாம நாலு நாளு வந்தா அதுக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் சுக்குக்குத் தெரியாது."

சபை மூப்பர் ஒருவருக்குப் படுக்கையில் இடது பக்கம் புரண்டால் உத்திரமும் ஓடும் சேர்ந்து சுற்றும். நாலு வாரம் பித்தத்துக்கு மருந்து குடித்துவிட்டு வந்தார். நர்ஸம்மா அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, தலையை இடது பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். மூப்பரின் கண்மணிகள் துள்ளின. அரை நிமிஷம் ஆண்டவரைக் கூப்பிட்டார். பிறகு நர்ஸம்மாவின் சேலை மேலேயே வாந்தி எடுத்தார். "பித்தம் இல்ல, காது," என்றார் நர்ஸம்மா, சேலையைத் துடைத்துக்கொண்டே. உடம்பு சாயாமல் நம்மை நிறுத்துகிற ஒரு சங்கதி காதுக்குள்ளே இருக்கிறது, அது பிசகினால் இப்படித்தான் வீடு சுற்றும், பயப்பட ஒன்றுமில்லை, பைய எழும்பு, ஏணியில் ஏறாதே, காது கேட்காமல் போனால் மட்டும் உடனே வா என்று சொல்லி அனுப்பினார். மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. மூப்பர் என்ன சாட்சி சொன்னார் தெரியுமா? ராசனாதிப் பொடியின் மகிமை என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, சபைக் கோயிலுக்குள் நின்று சொன்னார்.

எனக்கே ஒரு தடவை பள்ளி ஜெபத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி எட்டு மாதம். எல்லாரும் சிரித்தார்கள், விசேஷம் என்று நினைத்து மாமியார் பலகாரமே செய்துவிட்டார். நர்ஸம்மா மட்டும் என் கீழிமையை இழுத்துப் பார்த்து, "பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல, கொக்கிப்புழுவாக்கும். உனக்க சோரைய அது குடிக்குது," என்றார். வெறுங்காலோடு விளைத் தோட்டத்துக்குப் போகாதே என்று சொல்லி, புழுவுக்கு மருந்தும், சோரை ஊற, அதாவது இரத்தம் ஊற, இரும்பு மருந்தும் கொடுத்தார். பலகாரம் செய்த மாமியாருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்குத் தலைசுற்று நின்றுவிட்டது.

கோட்டுகாலிலிருந்து மீன் சுமந்து வருகிற ஒரு அம்மாள் எங்கள் ஊர் முக்கில் கூடையை இறக்கும்போது தடுமாறி உட்கார்ந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலை சுற்றுகிறது என்று சொல்ல வந்தவருக்கு நாக்குக் குழறியது. பெண்கள் ஓடிவந்து உள்ளியை நசுக்கி மூக்கில் வைத்தார்கள். நர்ஸம்மா உள்ளியைத் தட்டி எறிந்தார். "கைய ரெண்டையும் தூக்கு" என்றார். ஒரு கைதான் எழும்பியது. உடனே அவர் ரோட்டின் நடுவில் போய் நின்று, வந்த பஸ்ஸை மறித்தார். டிரைவர் கத்தினான். இவர் அதைவிடக் கத்தினார். நாக்குக் குழறினாலும், ஒரு பக்கம் கைகால் தளர்ந்தாலும், ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தாலும், நெஞ்சு வலித்தாலும், தன்னைத் தேடி வரக்கூடாது, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கும் சேர்த்துப் பிரசங்கம் பண்ணிவிட்டு, அந்த அம்மாளோடு அவரும் ஏறிப் போனார். பிழைத்த பிறகு அந்த அம்மாள் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துவந்து, டிஸ்பென்சரித் திண்டில் மீன் வைத்துவிட்டுப் போவார்.

இப்படிப்பட்ட ஒரு பெண்பிள்ளையை எங்கள் ஊர் என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எல்லைப் போராட்டம் சூடு பிடித்த வருஷங்கள் அவை. தெற்கே தமிழ் பேசுகிற தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்து மதராஸோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலமும் தடையும் கைதுமாக இருந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்த எங்களைப் போன்றவர்களும் அதில் சேர்ந்துகொண்டோம். நானும் அதற்கு வேண்டித்தான் நின்றேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடப்புத்தகம் பாதி வருஷம் போன பிறகுதான் வந்துசேரும். கேட்டால், மலையாளம் படித்தால் என்ன என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

ஆனால் எங்கள் ஊர்ப் போராட்டக் கமிட்டி வேறொரு வேலையும் செய்தது. கடையடைப்பு நாளில் நர்ஸம்மா டிஸ்பென்சரியைப் பூட்டவில்லை. பிரசவ வலியோடு ஒருத்தி உள்ளே கிடந்தாள், எப்படிப் பூட்டுவார்? கமிட்டி செக்ரட்டரி, ஜவுளிக் கடைக்காரர், நாலு பேரோடு போய் வாசலில் நின்றார்.

"இது தமிழ் ஊராக்கும். கதவ அடையும்."

"வலி வந்தவளுக்கிட்ட போயி பறையும், நாளைக்குப் பெறச் சொல்லி," என்றார் நர்ஸம்மா.

அவ்வளவுதான். மலையாளத்துக்காரி, சர்க்காருக்கு உளவு சொல்கிறவள் என்று பேச்சுக் கிளம்பியது. அவளிடம் யாரும் மருந்து வாங்கக்கூடாது என்று கமிட்டி கட்டுப்பாடு போட்டது. வீட்டில் தமிழும் சந்தையில் மலையாளமும் பேசி, இரண்டிலும் சண்டை போடுகிற ஊர் எங்களுடையது. அதில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்று தலையாட்டினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. கற்சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் அடங்கிப்போனது. என் பிள்ளைகள் வாய்ப்பாட்டை ஒழுங்காகச் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் தையல்காரர். பாறசாலை முக்கில் மிஷின் போட்டிருந்தார். கமிட்டிக்கு வேண்டிய கொடியெல்லாம் அவர் தைத்துக் கொடுத்ததுதான். ஒரு ஊர்வலத்தில் போலீஸ் தடியால் முதுகிலும் தோளிலும் அடிபட்டார். வலிக்குப் பெட்டிக்கடையில் விற்கிற பொட்டலப் பொடியை வாங்கிப் போட ஆரம்பித்தார். தலைவலிக்கு என்று விற்பது. முதலில் காலையில் ஒன்று. பிறகு மத்தியானம் ஒன்று. மிஷினில் குனிந்தால் வலி கூடும், அதற்கும் ஒன்று. வெறும் வயிற்றில், கருப்பட்டிக் கடுங்காப்பியோடு. அது மருந்து என்றே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மிட்டாயும் பீடியும் விற்கிற இடத்தில் வாங்குவதை மருந்தென்று யார் நினைப்பார்கள்?

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபம் உண்டு. விடிந்ததுமுதல் பொழுது சாய்கிறவரை பச்சைத் தண்ணீர் மட்டும். அந்த வருஷம் கமிட்டியும் சபையும் சேர்ந்து, தாலுகா விடுதலைக்காக உபவாசம் என்று அதை மாற்றியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், முழங்காலில் நின்ற என் வீட்டுக்காரர் எழும்பும்போது கண் செருகிச் சாய்ந்தார். தண்ணீர் தெளித்தார்கள். எழுந்து உட்கார்ந்ததும் செக்ரட்டரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சபையில இப்படி உபவாசிக்கிறதுக்கு வேற ஆளு இல்ல" என்று சொன்னார். ஆமென் என்றது சபை.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இதை மறைத்தால் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் எழும்பும்போது தடுமாறினால் ஊரே மரியாதையாக வழிவிட்டது. வெளுத்த முகத்தைப் பார்த்துக் களை என்றார்கள். பொதுக்கூட்டத்தில் அவரை மேடையில் உட்காரவைத்து, "தமிழுக்காகத் தலைசுற்றி விழுந்த தொண்டர்" என்று பேசினார்கள். படியில் ஏற மூச்சு வாங்குகிறது என்று என்னிடம் சொன்னவர், மேடையில் அதைச் சொல்லவில்லை. நாரங்காய் வெள்ளம் கொடுத்தேன். ராசனாதியும் தேய்த்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நர்ஸம்மா எங்கள் வீட்டுப் பின்பக்கம் மரச்சீனிக்கிழங்கு விளை வழியாக வந்து நின்றார். நான் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். கட்டுப்பாடு போட்ட பிறகு எங்கள் வீட்டுப் படியை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை.

"டீச்சரே, உனக்க ஆளு எங்க? ரோட்டுல பிலாமரத்தப் பிடிச்சிட்டு நிக்குறதக் கண்டேன்."

அவர் உள்ளே பாயில் படுத்திருந்தார். நர்ஸம்மாவைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல நர்ஸம்மா. உபவாசத்துக்க தளர்ச்சி," என்றேன் நான்.

"உபவாசம் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னைக்குச் செவ்வாய். வெள்ளிக்கிழமை பட்டினிக்குச் செவ்வாய்க்கிழமை எதுக்குத் தலை சுத்துது? சனி, ஞாயிறு, திங்கள் எல்லாம் சோறு தின்னல்லியா?"

பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இந்தக் கணக்கு எனக்கு ஏன் தோன்றவில்லை? ஊரில் இத்தனை பேர் கிழமை தெரிந்தவர்கள், ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை?

நர்ஸம்மா கேட்டுக்கொண்டே போனார். அடி தலையில் பட்டதா? இல்லை. அன்றைக்கு வாந்தி உண்டா? இல்லை. வீடு சுற்றுகிறதா? இல்லை, எழும்பினால் கண் இருட்டுகிறது. படுத்திருக்கையில் நாடி பார்த்தார். எழுப்பி நிறுத்திப் பார்த்தார். நின்றதும் நாடி ஓடிய ஓட்டத்தில் அவர் முகம் மாறியது. கீழிமையை இழுத்தார். வேட்டித் துணி நிறம். கடையில் வாங்கி என்ன தின்கிறாய் என்றார். நான்தான் பொட்டலங்களைக் காட்டினேன். மலம் என்ன நிறம் என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

"இருட்டோட விளைக்குப் போறேன், அதையெல்லாம் ஆரு பாக்கா?"

"இன்னைக்குப் போனியா?"

"ம்."

"எந்தப் பக்கம்?"

நர்ஸம்மா ஒரு கம்பை எடுத்துக்கொண்டு தானே விளைக்குள் இறங்கிப் போனார். உச்சி வெயிலில், வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரச்சீனி மூடு மூடாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வரும். திரும்பி வந்து, சாம்பல் கேட்டு வாங்கிக் கை கழுவினார்.

"ரோட்டுக்கு ஊத்துற தாரு மாதிரி கெடக்கு. டீச்சரே, இது பித்தம் இல்ல. சோரை. அந்தப் பொடி வயித்தப் புண்ணாக்கியிருக்கு, உள்ள ஒழுகுது. நாளாச்சு. இப்பமே நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போணும்."

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, செக்ரட்டரி இரண்டு பேரோடு வந்துவிட்டார். மறுநாள் பெரிய ஊர்வலம். முன்வரிசையில் இவர்தான் கொடி பிடிக்கிறதாக ஏற்பாடு.

"நம்ம ஆளுகள அடிச்ச சர்க்காருக்க ஆஸ்பத்திரிக்கா? அங்க கொண்டு போனா போலீஸ் பிடிச்சுக்கும். நாளைக்கு ஒரு நாளு போவட்டு. மறுநாளு தெக்க நம்ம மிஷன் ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டு போறேன்," என்றார் செக்ரட்டரி.

"நாளைக்கு இவன் ஊர்வலம் போறது பெட்டியிலயாக்கும்," என்றார் நர்ஸம்மா.

"நீரு உம்ம வேலையப் பாரும். உம்ம சொல்லக் கேக்குறதுக்கு இது மலையாளத்து வீடு இல்ல."

நர்ஸம்மா அவரை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். "தாரு மாதிரி கெடக்குது, போயிப் பாரும். தமிழா மலையாளமான்னு அதுக்கிட்டக் கேட்டுட்டு வாரும்."

என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நாளைக்கு வாறேன்," என்று சொல்லி எழுந்து நின்று காட்டினார். நின்றார். செக்ரட்டரியைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே காப்பிப்பொடி நிறத்தில் வாந்தி எடுத்து, அடுப்படி வாசலில் குப்புற விழுந்தார்.

நான் செக்ரட்டரியைப் பார்த்து, "வீட்ட விட்டு எறங்கும்," என்றேன். அதற்கு முன்னால் அவரை நான் அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். பக்கத்து வீட்டு வில்வண்டியை நர்ஸம்மாதான் பூட்டவைத்தார். தலையணையைத் தலைக்கு வைக்கவிடாமல் காலுக்குக் கீழே வைத்து, வழியெல்லாம் நாடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டார், நர்ஸம்மா உதட்டை மட்டும் நனைத்தார். ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு ராத்திரி தாமதித்திருந்தால் வந்திருக்கவே வேண்டாம் என்றார். என் தம்பியின் இரத்தத்தை எடுத்து ஏற்றினார்கள். செக்ரட்டரி சொன்ன ஒன்று மட்டும் உண்மையானது. இரண்டாம் நாள் ஒரு போலீஸ்காரன் வந்து கட்டில் பக்கத்தில் நின்றான். நர்ஸம்மா அவனை நாங்கள் அதுவரை கேட்டிராத மலையாளத்தில் திட்டி, வராந்தாவுக்கு விரட்டினார். அடித்தது உங்கள் ஆட்கள், அந்த வலிக்குத் தின்ற பொடிதான் இவனை இங்கே கொண்டுவந்து போட்டது, இனி எதைப் பிடிக்க வந்தாய் என்று கேட்டார். அவன் இரண்டு நாள் வராந்தாவில் இருந்துவிட்டுப் போய்விட்டான்.

பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். ஊர் மாலை போட்டது. உபவாசத்தின் பலத்தால் உயிர் மீண்டவர் என்று செக்ரட்டரி பேசினார். என் வீட்டுக்காரர் மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு கைகூப்பினார். அவர் வாயிலிருந்து நர்ஸம்மா என்ற சொல் வரும் என்று நான் காத்துக்கொண்டே நின்றேன். வரவில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தாள் வந்தது. மிஷன் மேலிடத்துக்கு மனு. இந்த நர்ஸ் தொண்டர் ஒருவரை மயக்க நிலையில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கடத்திப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தார், ஆகையால் உடனே மாற்றவேண்டும் என்று எழுதியிருந்தது. நானும் கையெழுத்துப் போடவேண்டுமாம். பெயர்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதலில் செக்ரட்டரி. இரண்டாவது, காதுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட சபை மூப்பர். மூன்றாவது என் வீட்டுக்காரர்.

பள்ளி விட்டதும் நேரே பாறசாலை முக்குக்குப் போய், மிஷின் சத்தத்தை நிறுத்தச் சொல்லி அவரிடம் கேட்டேன்.

"எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்," என்றார். "செக்ரட்டரிக்க கடையில நின்னு, மேசையில குனிஞ்சு ஒரு நிமிஷத்துல போட்டது. அதுக்கு இப்பம் என்ன?"

"ஒம்ம உயிரு யாரு தந்தது?"

"ஆண்டவரு தந்தாரு. ஊருக்குள்ள இருந்து தையல் தைக்காண்டாமா நான்?"

அதற்குப் பிறகு அவர் முப்பத்திரண்டு வருஷம் இருந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் சோறு போட்டேன், பிள்ளை பெற்றேன், கடைசிக் காலத்தில் மலமும் மூத்திரமும் அள்ளினேன். மன்னிக்கவில்லை. தெற்கே நாலு தாலுகாவும் மதராஸோடு போனபோது எங்கள் ஊர் இந்த மலையாளப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு அவர் அழுதார். நர்ஸம்மா போனதற்கு ஒரு சொட்டு வரவில்லை.

நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. அதைப் பெரிய வீரமென்று யாரும் எண்ணவேண்டாம். மேலிடத்துக்கு எதிர்த்து ஒரு கடிதம் எழுத எனக்குக் கை இருந்தது, தாள் இருந்தது, தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் தெரிந்திருந்தது. எழுதவில்லை. ஊரில் இருக்கவேண்டும், பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கவேண்டும் என்று நானும் பயந்தேன். அடுத்த மாதமே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

மனுவைப் பார்த்த அன்று சாயங்காலம் மட்டும் டிஸ்பென்சரிக்குப் போனேன். பெஞ்சில் ஒருவரும் இல்லை. நர்ஸம்மா மருந்துக் குப்பிகளை இறக்கிவைத்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனு போவது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மூன்றாவது பெயர் தெரியாது. அதை நானே சொன்னேன்.

துடைத்த கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"இருந்து போட்டானா, நின்னு போட்டானா?"

"நின்னுதான். செக்ரட்டரிக்க கடையில, மேசையில குனிஞ்சு."

"குனிஞ்சு நிமிந்தப்பம் கண்ணு இருட்டிச்சாமா?"

"இல்ல."

"கையெழுத்து ஆடியிருக்கா?"

"இல்ல நர்ஸம்மா. நேராத்தான் இருக்கு."

"அப்பம் உடம்புல சோரை பிடிச்சாச்சு," என்றார். அடுத்த குப்பியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "பொடி மட்டும் இனி வாயில வைக்கப்படாது. சொல்லு அவன்கிட்ட."